மானிட்டர் கீழே இறங்குமா?

ஜூலை 7, திங்கள்
காற்று. புழுதி. கொடியில் கிடந்த துணியெல்லாம் திரும்ப அலச வேண்டும்.
பத்திர எழுத்தரிடமிருந்து ஆறு கிரயப் பத்திரங்கள், தட்டச்சு செய்ய. மூன்றுதான் முடிந்தது. பிடரி வலி. திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னதால், என் வீட்டுக்காரர் சேவியர் பழைய மானிட்டரைத் தடித்த புத்தகங்கள்மேல் ஏற்றி வைத்திருக்கிறார். செம்பட்டி பஸ்ஸை ஓட்டப் போகும்முன் ஒருதரம் அசைத்துப் பார்த்தார். விழவில்லை.

ஜூலை 9, புதன்
வலி கூடிவிட்டது. இடது சுண்டுவிரல் மரத்துப்போகிறது. ஒரு பத்திரத்தில் "வடக்கு" மூன்று இடத்தில் "வடகு". நிலத்தின் எல்லை, விளையாட்டா? பதினாறு வருட வேலை. விட்டுவிடலாமா? அடுப்படியில் நின்று யோசித்தேன். அவரிடம் சொல்லவில்லை.
வாங்க: சீரகம், சோப்பு, கொசுவத்தி.

ஜூலை 10, வியாழன்
அவருக்கு ஓய்வு நாள். முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.
"என்னங்க, வேற சோலி இல்லையா?"
"செத்த நேரம் அடிச்சுக்கிட்டே இரு. ஏன் ரோஸி, நாடியத் தூக்கித் தூக்கிப் பாக்குற?"
தூக்குவதே எனக்குத் தெரியவில்லை. என்னுடையது இரட்டைப் பார்வைக் கண்ணாடி. கிட்டத்து எழுத்து கீழ்ப்பாதியில்தான் தெரியும். திரை உயர உயர முகவாயும் உயர்ந்திருக்கிறது.
ஒவ்வொரு புத்தகமாக உருவினார். எல்லாம் எடுத்தும் உயரம்தான். இந்த மானிட்டரின் கால் இறங்காது.
"புதுசு வாங்கிருவோம்."
வேலையை விட நினைத்ததை அப்போது சொன்னேன். தைலம் எடுத்து வந்து பிடரியில் தேய்த்தார். டிரைவர் கை. உயிர் போய் உயிர் வந்தது.

ஜூலை 12, சனி
பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை. விற்பனைப் பெண் வளைந்த பெரிய திரையைக் காட்டினாள். படம் பார்க்க ஜோராக இருக்குமாம்.
சேவியர் கேட்டது ஒன்றுதான்: "இது எம்புட்டு கீழ எறங்கும்?"
"எவ்ளோ மேல ஏறும்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க."
"எங்க வீட்டம்மாவுக்குக் கீழ எறங்கணும்மா. லேசாப் பின்னால சாயணும்."
பென் டிரைவில் கொண்டுபோன பத்திரத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். முதல் திரை பளபளப்பு, என் மூஞ்சிதான் தெரிந்தது. அடுத்தது எழுத்து நுணுக்கம். மூன்றாவது பளபளக்கவில்லை, மேசையைத் தொடுமளவு இறங்கியது. "இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட புஞ்சை நிலம்..." கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு பக்கம் வாசித்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவர் மாதிரி, என் நாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதையே கட்டிக் குடும்மா."

ஜூலை 17, வியாழன்
ஐந்து பத்திரம்! வலி குறைவு. விரல் ஒருதரம்தான் மரத்தது.
காபி போட்டுத் திரும்பினால் என் நாற்காலியில் அவர். தலையைப் பின்னுக்கு இழுத்து இழுத்து வாசிக்கிறார்.
"எழுத்த ரொம்பப் பொடிசா வச்சிருக்க."
"பொடிசு இல்லங்க. ஒங்களுக்கும் கண்ணாடி போடணும்."
"ரோடு நல்லாத் தெரியுதுல்ல? போதும்."
கண் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வரமாட்டேன் என்கிறார். வருவார்.