வோராவுக்கு நான் போட்ட மதிப்பெண்

பிப்ரவரி 11

மானிய விண்ணப்பங்கள் வந்துவிட்டன. காட்டில் வாழ்ந்து, கடற்கரை மணலில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும் மலேயோ பறவைக்கென்று மாகாணம் இந்த ஆண்டு ஒரே ஒரு கடற்கரைக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறது. கேட்பவர்கள் இருவர். வடக்கே லிம்புவா. தெற்கே வோரா, அதை நடத்துவது ஆல்ச்சே. மனாடோ நகரத்தில் படித்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்தவள். பன்னிரண்டு வருடமாக அந்த மணலிலேயே கிடக்கிறாள்.

மதிப்பெண் போடும் எங்கள் குழுவின் தலைவர் பாக் ஹெங்கியிடம், அவள் என் சிநேகிதி, விலகிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார். "மனாடோல யாருக்கு யாரைத் தெரியாது? லிம்புவாக்காரன் என் மச்சானோட சர்ச்சுலதான் பாடுறான். தெரிஞ்சவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டா நாற்காலிதான் மார்க் போடணும். குழுவுல பறவையைப் பத்திப் படிச்ச ஆளும் நீங்க ஒருத்தர்தான் ஃபெம்மி."

சிநேகிதத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

மார்ச் 3

லிம்புவா பார்த்தோம். காடு மணல்வரை இறங்கி வருகிறது. விடியலில் பறவைகள் ஜோடி ஜோடியாக வந்து குழி பறித்து முட்டையிட்டன. நடத்துகிறவர்கள் சுமார்தான். கேட்டதற்குப் பாதிதான் பதில் வருகிறது. ஆனால் பறவை இருக்கிறது.

மார்ச் 5

வோரா. ஆல்ச்சே புகைபோட்ட சூரை மீனும் மிளகாய்த் துவையலும் வைத்திருந்தாள். எனக்காகக் காரம் கூட்டியிருந்தாள். பாக் ஹெங்கி கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார்.

நாயும் ஆளும் எடுக்காதபடி முட்டைகளைக் கம்பி வலைக்குள் மாற்றிப் புதைத்துப் பொரிக்க வைக்கிறாள். இத்தனை வருடத்தில் ஆயிரம் குஞ்சுகளுக்கு மேல் விட்டிருக்கிறாள். இவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது தென்னந்தோப்பு, சாலை, வீடுகள். குஞ்சு எப்படிக் காட்டுக்குப் போகும்? போனாலும் வளர்ந்து எப்படித் திரும்பும்?

"பெரிய பறவை எத்தனை வருது?" என்றேன்.

"வருது."

"எத்தனை, ஆல்ச்சே?"

"இந்த வருஷம் ரெண்டு ஜோடி. விட்ட குஞ்செல்லாம் பெருசாகி வரும் பாரு."

"தோப்புக்காரர் நடுவுல கொஞ்சம் நிலம் விடுவாரா?"

"காலைப் பிடிக்காத குறையாக் கேட்டாச்சு. மாட்டேங்கிறாரு." மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நீ எதுக்குக் கேக்குறேன்னு எனக்குத் தெரியாதாடி?"

மார்ச் 6

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 9

மதிப்பெண் கூட்டம். உழைப்பு, கணக்கு, ஊர் ஆதரவு மூன்றிலும் வோராவுக்கு முழுசாகப் போட்டேன். கடைசிக் கேள்விதான் கனமானது: பத்தாண்டு கழித்தும் இங்கே பறவை இருக்குமா? நூற்றில் நாற்பது அதற்கு மட்டும்.

இருபது போட்டால் அவள் ஜெயித்துவிடுவாள். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பணம் போகாவிட்டால் லிம்புவாவில் காவல் இருக்காது, மரம் வெட்டுகிறவன் நுழைவான். கொஞ்ச வருடத்தில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. எனக்குத் தெரியும் — தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா?

நான்கு போட்டேன்.

பாக் ஹெங்கி தாளைப் பார்த்தார். "நிச்சயமாத்தானா?"

"ஆமா."

மற்றவர்களும் என்னையொட்டியே போட்டார்கள்.

ஏப்ரல் 22

நாளை முடிவு வெளியாகிறது. வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று ஆல்ச்சேயைப் போனில் கூப்பிட்டேன்.

"நீ எவ்வளவு போட்ட?"

சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னேன்.

"உன் எடத்துல நான் இருந்தா இருபது போட்டிருப்பேன்டி. தப்புன்னு தெரிஞ்சே போட்டிருப்பேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

போட்டிருப்பாள். அவள் அப்படித்தான். அப்போ நான் எப்படி? எனக்கு என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 30

ஆல்ச்சே கம்பி வலையைப் பிரித்துவிட்டாளாம். கடைசியாகப் பொரித்த குஞ்சுகளைப் பெட்டியில் வைத்து, யாருடைய லாரியையோ கெஞ்சிப் பிடித்து, லிம்புவா காட்டில் தானே கொண்டுபோய் விட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை. பாக் ஹெங்கி சொல்லித்தான் தெரியும்.

டிசம்பர் 14

லிம்புவாவிலிருந்து முதல் அறிக்கை. பறவை ஜோடிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. குழுவில் கைதட்டினார்கள். "உங்க கணிப்பு சரியாப்போச்சு" என்றார் பாக் ஹெங்கி. சரிதான். நானும் கைதட்டினேன்.

ஜூலை 12

அறுவடை நன்றித் திருநாள். கதவைத் திறந்தால் ஆல்ச்சே, கையில் மூங்கில் குழலில் வேகவைத்த சோறு. இப்போது பித்துங் துறைமுகத்தில் மீன் ஆலை ஒன்றில் வேலையாம். பெருத்திருக்கிறாள். "என்னடி முழிக்கிற, உள்ள விட மாட்டியா?" என்றாள்.

மதியம் முழுக்க இருந்தாள். மகன் வாங்கிய பைக், மிளகாய் விலை, கூடப் படித்தவர்களில் யாருக்குச் சர்க்கரை வியாதி என்று விழுந்து விழுந்து சிரித்துப் பேசினோம். பறவைப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பேச்சு எங்கேயாவது கடற்கரைப் பக்கம் திரும்பினால் இரண்டு பேருமே சட்டென்று வேறு எதையாவது சொன்னோம்.

போகும்போது, அடுத்த வருடமும் வருகிறேன் என்றாள். வருவாள். இப்படியே பேசுவோம்.