சாந்திக்குப் போனில் படித்துக்காட்டிய கடிதம்

அக்கா,

காலையில் கூரியர்காரர் ஒரு பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு கேடயம். புது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாடை அடித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாற்றுத்திறனாளித் தொழிலாளர் ஒருவரைக்கூடக் கைவிடாத நிறுவனம் என்று நம் தையல் ஷெட்டுக்கு யாரோ பாராட்டுத் தருகிறார்கள். தங்க நிறத்தில் முதலாளியின் பெயர். அதன் கீழே ஒரு படம். நம் ஷெட்டில் தைக்கும் கோவிந்தன் தரையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஓர் அரிசிப் பை. முதலாளி குனிந்து அவர் தோளில் கை வைத்திருக்கிறார்.

அந்தப் படம் எடுத்த அன்று நீங்கள் ஷெட்டில் இல்லை. இருந்திருந்தால் கேமராதான் தரையில் உட்கார்ந்திருக்கும். போலியோ வந்த காலில் காலிப்பர் மாட்டிக்கொண்டு கோவிந்தன் நின்றபடிதான் அரிசியை வாங்க வந்தார். படம் எடுத்தவன் சொன்னான், "அண்ணே, அந்தக் கம்பியெல்லாம் கழட்டிட்டுக் கீழ உக்காருங்கண்ணே. அப்பதான் தெரியும்."

"என்னா தெரியும்?"

"கஷ்டம்ணே."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது விழாவுக்கு ஏற்புரை எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி. "உனக்குத்தான் தமிழ் வருது, கொஞ்சம் உருக்கமா எழுது" என்றார். எனக்குத் தமிழ் வருவதால் விளைந்த கேடு என்னவென்று அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஏற்புரையை மடித்து வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அரூரில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பவர் முதல் டீக்கடை மாஸ்டர் வரை எல்லாருடைய வீட்டு விஷயமும் எனக்கு அத்துப்படி. பத்திரிகையில் என் துணுக்கு நாலு வந்திருக்கிறது, அதை நாற்பது பேரிடம் காட்டியிருக்கிறேன். ஷெட்டில் கணக்கு, கடிதம், கரண்டு போனால் ஈ.பி. ஆபீசுக்குப் போன் எல்லாம் நான்தான். நீங்கள் சூப்பர்வைசர். உங்களுக்கும் ஒரு கால் சூம்பியது, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். உங்கள் வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

ஊரடங்கு போட்ட முதல் வாரமே நீங்கள் ஒரு வேலை செய்தீர்கள். தொடர்ந்து வராதவர் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடுவது நம் ஷெட்டின் வழக்கம். திரும்ப வந்தால் புது ஆள்தான், பழைய வருடமெல்லாம் போச்சு. ஷெட்டே பூட்டியிருக்கும்போது யார் எப்படி வருவது? மற்றவர்களுக்கு வேறு இடம் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் ஏழு பேருக்கு யார் கொடுப்பார்கள்? நீங்கள் ஏழு பேருக்கும் சொல்லி அனுப்பினீர்கள்: காலை ஒன்பது மணிக்கு என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வந்த கணக்கு. இரண்டு கொடுத்தால் ஏதோ தேவை, நான் வருகிறேன்.

காது கேளாத சாந்திக்கு இது ரொம்பப் பிடித்தது. பேச வேண்டியதில்லையே. கண் தெரியாத முருகேசன் சித்தேரிமலையில் தன் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் டவர் எடுக்காது. தடியைத் தட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நடந்துவந்து கால் கொடுப்பார். பஸ்ஸே ஓடாத காலத்தில் தினமும் ஒன்பது மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒரே மனிதர் அவர்தான். ஊரில் அவரைப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்களாம். உங்கள் வீட்டு மேசையில் பதிவேடு, கையில் பேனா, ஒன்பதிலிருந்து ஒன்பதேகாலுக்குள் ஏழு முறை போன் முனகும். ஏழு டிக். நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "அக்கா வூட்டுலயே கவர்மெண்டு ஆபீஸ் நடத்துது" என்று முகக்கவசம் போட்டிருந்த எல்லாரிடமும் சொன்னேன்.

அப்புறம் முகக்கவசம் தைக்கும் ஆர்டர் வந்தது. பாதி ஆட்களோடு திறக்கலாம் என்று அனுமதியும் வந்தது. எந்தப் பாதி என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை.

"அந்த ஏழு பேரு வேணாம்பா. அவுங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. நமக்கு ரிஸ்க்கு. மனசு நோகாம ஒரு லெட்டர் போடு."

கால் சூம்பினால் எதிர்ப்பு சக்தி எந்த வழியாக ஒழுகும் என்று நான் கேட்கவில்லை. மனசு நோகாமல் என்றதும் என் கை அரித்தது. உட்கார்ந்து எழுதினேன். 'தங்கள் விலைமதிப்பற்ற உடல்நலனைக் கருத்தில் கொண்டு, தாங்கள் நலமுடன் இல்லத்தில் ஓய்வு கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம். தேவை ஏற்படின் அழைக்கப்படுவீர்கள்.' அந்த 'ஏற்படின்' போட்டதற்காக எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். இன்று நினைத்தால் அந்தக் கையைப் பினாயில் ஊற்றிக் கழுவத் தோன்றுகிறது. முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, "அழுகையே வருதுப்பா" என்றார். வேலை போன எவருக்கும் அப்படி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அனுப்பியதைப் போனிலும் படித்துச் சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு. ஏழு பேர் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக முடித்தேன். கண் தெரியாத முருகேசனுக்குப் படம் அனுப்பினேன். அவருடைய போன் எழுத்து வந்தால் வாய்விட்டுப் படிக்கும், படம் வந்தால் 'படம்' என்று மட்டும் சொல்லும். வீட்டில் டவர் இல்லாததால் போனில் கிடைக்கவில்லை, அவர் பெயருக்கு நேரே 'படம் சென்றது' என்று குறித்தேன். சாந்தியிடம் பட்டன் போன்தான், படம் போகாது. அதனால் கூப்பிட்டேன். எடுத்தாள். அன்புடன் வேண்டுகிறோம் வரைக்கும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன், அக்கா. காது கேட்காத பெண்ணுக்கு. ஆறு வருடமாக என் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்கிறவளுக்கு. அவள் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு வைத்துவிட்டாள். 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு உங்கள் பதிவேட்டில் இரண்டே டிக். சாந்தி, முருகேசன். மற்ற ஐந்து பேர் கடிதத்தைப் புரிந்துகொண்டு கால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பத்து மணிக்கு உங்கள் ஸ்கூட்டர் ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

"ஏன்டா, அஞ்சு பேரு என்னாடா ஆனாங்க?"

நான் கடிதத்தை நீட்டினேன். படித்தீர்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"மத்த ரெண்டு பேருக்கு?"

சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தட்டில் ஏதோ நெளிவதைப் பார்ப்பதுபோல.

"கண்ணு தெரியாதவனுக்குப் படம். காது கேக்காதவளுக்குப் போன்ல பாட்டு. ஆறு வருசமா ஒண்ணா சோறு திங்கறம்டா, அவங்க யாருன்னே உனக்குத் தெரியலியே."

முதலாளி அறையில் அன்று நடந்ததை ஊரில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் அடக்கிவைத்த ஒரே வம்பு அதுதான்.

"அவுங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார் அவர்.

"அப்ப என்னையும் எடுத்துருங்க. எனக்கும் ஒரு காலு சூம்புனதுதாங்களே."

"நீங்க சூப்பர்வைசரும்மா."

"சூப்பர்வைசர் காலுன்னா நோய் பயந்து ஓடிருங்களா?"

அவர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். நீங்கள் விடவில்லை. "சாந்திக்கும் முருகேசனுக்கும் லெட்டர் போயே சேரலீங்க. சேராத லெட்டர் எப்புடிங்க செல்லும்? ரெண்டு பேரும் இன்னிக்கிக்கூட வருகை குடுத்துருக்காங்க. பேரை அடிக்கணும்னா நீங்களே நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்து அடிங்க. சித்தேரிக்கு வண்டி எடுக்கட்டுமா?"

மலைக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் வேலை என் முட்டாள்தனத்தால் தப்பியது. நான் ஒழுங்காக வேலை செய்த ஐந்து இடத்தில்தான் ஐந்து பேர் வேலை போயிருந்தது. புத்திசாலித்தனத்தைப் பற்றி அன்றோடு எனக்கு நல்ல அபிப்பிராயம் போய்விட்டது.

உங்களுக்கு அந்த ஐந்து பேரும் திரும்ப வேண்டும். மதியம் என்னைப் பின்னால் ஏற்றினீர்கள். மடியில் வெட்டிய துணிக் கட்டு, அதன்மேல் என் தாடை. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நிறுத்தி, "ஒரு வண்டிக்கு ஒரு ஆளுதாம்மா" என்றார். "இது ஆள் இல்லீங்க சார், லோடு" என்றீர்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வழிவிட்டார்.

கோவிந்தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னீர்கள், "நீ எழுதுனத நீயே அவரு மூஞ்சிக்கு நேரா படிடா."

கோவிந்தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காகிதத்தைப் பிரித்தேன். 'தங்கள் விலைமதிப்பற்ற' வரை வந்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. பேனாவில் வழுக்கிக்கொண்டு வந்த சொற்கள் ஒரு மனிதரின் முகத்துக்கு முன்னால் நாக்கில் ஒட்டிக்கொண்டன. அவர்தான் எனக்காக வருத்தப்பட்டு, "பரவால்லீங்க சார், நான் படிச்சிட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார்.

நீங்கள் துணிக் கட்டைக் கட்டிலில் போட்டீர்கள். "நாளைக்கு மெஷின் வரும், வூட்டுலயே தைங்க. ஒம்போது மணிக்கு கால் வரலன்னா நான் வந்துருவேன்."

அடுத்த இரண்டு நாளில் என் வாழ்க்கையின் ஒரே உருப்படியான கடிதத்தை எழுதினேன். 'முந்தைய கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது. அதைக் கருத வேண்டாம்.' அவ்வளவுதான், ஒரு 'ஏற்படின்'கூடக் கிடையாது. முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துக் கேட்டால் படிக்கமாட்டார். மின்கட்டண விண்ணப்பத்துக்கும் நூல் ஆர்டருக்கும் நடுவில் ஐந்து பிரதி வைத்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டே ஐந்திலும் போட்டார். ஐந்து பேர் வீட்டுக்கும் நாம் நேரில் போனோம். நாலு பேர் வாங்கிக்கொண்டார்கள். மொரப்பூர்ப் பக்கத்து அம்மா மட்டும் கதவைப் பாதி திறந்து, "போன்னா போறதுக்கும் வான்னா வர்றதுக்கும் நான் என்னா நாயாங்க?" என்று கேட்டுச் சாத்திவிட்டார். அவர் பிறகு வரவே இல்லை. இன்றைய கேடயத்தில் 'ஒருவரைக்கூட' என்று இருக்கிறதே, அந்த ஒருவர் அவர்தான்.

மெஷின்கள் வீடு வீடாகப் போயின. மூட்டைகள் பால் வண்டியில் மலை ஏறின. முருகேசன் முகக்கவசத்துக்கு நாடா கோத்துப் பத்துப் பத்தாகக் கட்டி அனுப்புவார். எண்ணிக்கை ஒரு நாளும் தவறியதில்லை, என்னிடம் தவறியது. முதலாளி கண்டுபிடித்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது, ஆர்டரும் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அது அவர் யோசனை ஆகிவிட்டது.

இரண்டாம் அலையில் நீங்கள் போனீர்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். உள்ளே விடவில்லை. அடக்கத்தன்று தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, உங்களைக் கொண்டுபோன வண்டியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன். உங்கள் தம்பி உங்கள் போனை என்னிடம் கொடுத்தார். "தெனமும் ஒம்போது மணிக்கு முனகுதுண்ணே, என்னான்னு தெரியல" என்றார். மறுநாளும் முனகியது. ஆறு பேரிடமிருந்து. பதிவேட்டை எடுத்து நான் ஆறு டிக் போட்டேன். முருகேசனிடமிருந்து மட்டும் இரண்டு கால். அவர் பஸ் ஸ்டாப்பை விட்டுப் போவதற்குள் கூப்பிட்டேன். "அக்கா வூட்டுல யாருக்காச்சும் எதுனா வேணுங்களான்னு கேக்கத்தானுங்க" என்றார்.

ஷெட் இப்போது முழுசாக ஓடுகிறது. எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஏற்புரையில் இதையெல்லாம் எழுதினால் முதலாளி படிக்கமாட்டார், எழுதாவிட்டால் நான் படுத்துத் தூங்கமாட்டேன். இரண்டு வரி மட்டும் எழுதிக் கொடுக்கப்போகிறேன்: உங்கள் பெயர் ஒரு வரி, மொரப்பூர்ப் பக்கத்து அம்மா ஒரு வரி. படிப்பதும் விடுவதும் அவர் இஷ்டம்.

உங்களிடமிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, அக்கா. நேரில் சொல்லாத ஒன்றையும் இப்போது என்னால் எழுத முடிவதில்லை. போன மாதம் ஒரு புதுப் பெண் சேர்ந்தாள், இடது கையில் மூன்று விரல்தான். போன வாரம் முதலாளி கூப்பிட்டு, "ஸ்பீடு பத்தலப்பா, பக்குவமா ஒரு லெட்டர் போட்டுரு" என்றார்.

"நீங்க மொதல்ல அந்தப் புள்ளகிட்ட நேர்ல சொல்லிட்டு வாங்க சார். அப்பறம் எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் முறைத்துவிட்டு எழுந்து போனார். அவள் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். அவள் துணியிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து, "என்னாங்க சார்?" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்."

திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் இன்றைக்கும் மூன்றாவது மெஷினில் இருக்கிறாள்.