மருந்துக்கடை மகாராஜா பார்த்த கண்ணாடித் துண்டு

மாப்ளே,

இப்போதுதான் மருந்துக்கடை மகாராஜாவை இறக்கிவிட்டு வருகிறேன். வண்டியின் பின்சீட்டில் இன்னும் அமில வாடை. கால் ஆணி எரிப்பதாகச் சொல்லி உன் குதிகாலை எரித்தானே, அதே வாடை.

உன் குதிகாலில் கறுப்புப் புள்ளி வந்தபோது, பொம்மைக்குப் பூசும் கிளேஸ் சாயம் ஏறிவிட்டது என்று நீ வேலை பார்த்த பீங்கான் ஷெட்டே தீர்ப்பு எழுதியது. நீயும் பொம்மைக் கறை தேய்க்கிற உப்புத்தாளால் உன் காலைத் தேய்த்தாய். "நானும் ஒரு பொம்மதான் மச்சான், பாலிஷ் போட்டா சரியாயிடும்" என்றாய். மணிமுத்தாற்றங்கரையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பிறகு மகாராஜாவின் தர்பார். "ஆணிதான்யா, இதுக்கு எதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி?" சீவினான், எரித்தான், சீவிய துண்டைக் குப்பையில் போட்டான். மறுபடி முளைத்தது. மறுபடி எரித்தான். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் உன்னைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

உன் காலில் எடுத்த சதையைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் நம் இருவரையும் பார்க்கச் சொன்னார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "சாதா மச்சத்துல இந்தக் கறுப்பு செல்லெல்லாம் கூட்டமா அடங்கிக் கெடக்கும். இதுல மேல மேல ஏறி வருது பாருங்க. இது தோல் புற்று. மொதல்ல சீவுன துண்ட ஏன் டெஸ்டுக்கு அனுப்பல?"

அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை.

அந்த மகாராஜாவைச் சூளையில் சுட்டு, கிளேஸ் பூசி, ஸ்ரீமுஷ்ணம் வயல்களில் காக்கை விரட்ட நிறுத்துவதாகச் சபதம் செய்தேன். நடந்தது என்னவோ, அவன் கடை வாசலில் உட்கார்ந்து, படை, தேமல், மரு என்று வந்தவர்களையெல்லாம் டாக்டரம்மாவிடம் கடத்தியதுதான்.

போன வாரம் அவனே என் வாசலில் நின்றான். கழுத்தில் கறுப்பாக ஒரு தடிப்பு.

"அண்ணே, பயமா இருக்குதுங்க. அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க."

"ஏன், கடையில மருந்து தீந்துபோச்சா? ஒரு சொட்டு வுட்டுக்க வேண்டிதானே!"

தலை குனிந்தான். கூட்டிப்போனேன். துண்டு எடுத்தார்கள். இன்று முடிவு.

அவனுடையதைக் காட்டும் முன் ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தியிருந்த உன் கண்ணாடித் துண்டைக் காட்டச் சொன்னேன். டாக்டரம்மா தயங்கினார். உன் மனைவியை, என் தங்கச்சியை, போனில் பிடித்தேன். "காட்டுங்க" என்றாள், ஒரே சொல்.

அவன் குனிந்து பார்த்தான். "கறுப்பா மேல ஏறுதே... யாரோடதுங்க இது?"

"நீ ஆணின்னு எரிச்ச காலோடது."

வெகுநேரம் அவன் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அவனுடைய துண்டு. "தோல் தடிச்சிருக்கு, நடுவுல வெங்காயச் சருகு மாதிரி சுருள் சுருளா இருக்கு. இது வயசானா வர்ற மருதான், பயப்படாதீங்க" என்றார். அவன் தேம்பி அழுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மாப்ளே. உன்னிடம் மறைப்பானேன்?

"இனிமே யாரு தோலையும் தொட மாட்டேன்ணே" என்று வழியெல்லாம் புலம்பினான்.

நீ இருந்திருந்தால் "வுட்டுடு மச்சான்" என்பாய். விடமாட்டேன். அவன் நூறு வயது வாழட்டும். கண்ணை மூடும்போதெல்லாம் அந்தக் கறுப்பு அவனுக்குள் மேலே மேலே ஏறட்டும்.