அப்பா குதிகாலில் இருந்த கறுப்பு

முதுநகர்,
கடலூர்.

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் இரக்கத்தால நானும் அப்பாவும் தம்பி ஆனந்தும் நல்லாருக்கோம், இந்தத் தடவ அத வழக்கத்துக்காக எழுதல, இன்னைக்குக் காலையில டாக்டர் வாயால கேட்டுட்டு வந்து எழுதுறேன். அயர்லாந்து குளுருல நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சொகமா இருக்கீங்களா. அப்பா கால்ல முள்ளு எடுத்தாங்கன்னு போன்ல சொன்னாரே, அது முள்ளு இல்ல. நான் நெசத்தைச் சொல்ல வாயெடுத்தாலே போனைப் புடுங்கிக்கிறாரு, அதான் எழுதுறேன். பயப்படாம படி, முடிவு நல்ல முடிவு.

பெரிய வியாழன் பூசையில, ஏசு சீடருங்க காலைக் கழுவுன மாதிரி சாமியார் பாதம் கழுவுறதுக்கு இந்த வருஷம் அப்பா பேரையும் சொல்லிட்டாரு. ஹார்பர்ல போட் இன்ஜின் பாக்குற காலு, கிரீஸோட சாமியார் கையில குடுக்கக் கூடாதேன்னு நானே உக்காந்து தேய்ச்சேன். எல்லா அழுக்கும் போச்சு, வலது குதிகால்ல ஒரு கறுப்பு மட்டும் போவல, மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சும் போவல. உத்துப் பாத்தா மேல ஒட்டுனது இல்ல, தோலுக்குள்ளயே இருக்கு, ஒரு பக்கம் கருகருன்னு, மறுபக்கம் பழுப்பா, ஓரமெல்லாம் மை கொட்டிப் பரவுன மாதிரி. கேட்டா, மச்சம்தான், முன்ன சின்னதா இருந்துச்சுங்கிறாரு. கோயில்ல சாமியார் அந்தக் காலைத் தொடச்சு முத்தம் குடுக்கையில எனக்கு செபமே ஓடல.

டாக்டருக்கிட்ட வாங்கன்னா வருவாரா. என் கழுத்துல பாலுண்ணி ஜாஸ்தியா இருக்கு, காட்டப் போறேன், தொணைக்கு வாங்கன்னு சொல்லி ஈஸ்டர் முடிஞ்சதும் சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல் டாக்டர் வெண்மதின்னு, சின்ன வயசுப் பொண்ணு. என் கழுத்தைப் பாத்துட்டு, இது சங்கிலி உரசி வர்ற சதை, ஒண்ணும் பண்ணாது, நூல் கட்டி இழுக்காதீங்க போதும்னாங்க. அப்பாவுக்கு ஒரே சிரிப்பு, எழுந்துட்டாரு. நான் செருப்பைக் கழட்டுங்கன்னேன். டாக்டர் முன்னாடி மறுக்க முடியல. அந்தப் பொண்ணு லைட்டு வச்ச லென்ஸால திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் பொறுமையா சொல்லுச்சு, மச்சம்னா ஒரே நிறமா, ஓரம் சீரா, வருஷக்கணக்குல அப்படியே கெடக்கும், இது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்ல, நிறம் கலந்திருக்கு, வளந்துருக்கு, புத்துநோயான்னு எடுத்துப் பாக்கணும், நம்மள மாதிரி கறுத்த தோலுக்கு இது வராதுன்னு நெனைக்கிறோம், வந்தா உள்ளங்கால்லயும் உள்ளங்கையிலயும் நகத்தடியிலயும்தான் பெரும்பாலும் வரும், அங்க யாரும் பாக்குறதில்லன்னு. திரும்பி பஸ்ஸுல வர்றோம். கிள்ளை ஊருப் பொம்பளைங்க மீன் கூடையோட நெருக்கி நிக்கிறாங்க, அத்தினி பேரு முன்னாடி அப்பா என் கையப் புடிச்சிக்கிட்டாரு, கடலூர் வர்ற வரைக்கும் விடல. கல்யாணமான நாள்லேருந்து அப்பிடிப் புடிச்சதில்லடி.

எடுத்துப் பாத்ததுல புத்துநோய்தான். குதிகால்ல சுத்தி வெட்டியெடுத்து, தொடையிலேருந்து தோலெடுத்து ஒட்டினாங்க. அந்த சமயம் உனக்குச் சொல்லியிருந்தா கைக்கொழந்தையோட அங்க துடிச்சிருப்ப. வெட்டுனதத் திரும்பவும் பரிசோதனைக்கு அனுப்பி, இன்னைக்குத்தான் முடிவு வந்துச்சு. மேல்தோலோடவே நின்னுருக்கு, உள்ள எறங்கல, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு, இனிமே அப்பப்ப வந்து காட்டினாப் போதும்னாங்க. அதக் கேட்டதும் எனக்குக் காலு தரையில பாவல, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டேன், யாரு எவருன்னே தெரியாது. அப்பா கம்பு ஊணி நேரா ஹார்பருக்குப் போயிட்டாரு. ஆனந்து போயிப் பாத்தா, வல காயிற எடத்துல ஆளுங்கள வரிசையா உக்காரவச்சு ஒவ்வொருத்தன் காலையா தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்காராம்.

குட்டி தொடையில இருக்குற மச்சத்தை நெனச்சுப் பயப்படாத, ஒரு போட்டோ எடுத்து வச்சு, மாறுதான்னு பாரு, மாறுனா டாக்டருக்கிட்ட காட்டு. மாப்பிள்ளை வெக்கப்பட்டாலும் விடாத, முதுகும் உள்ளங்காலும் பாத்துடு. வேளைக்குச் சாப்பிடு. ஆரோக்கிய மாதா உங்க மூணு பேரையும் தன் முந்தானையில வச்சுக் காப்பாத்தட்டும். ஞாயித்துக்கெழம போன் பண்றப்ப அப்பாகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட பேசு, உங்க கால்ல என்ன இருக்குன்னு எனக்கு மொதல்ல சொல்லணும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லூ. பாத்திமா மேரி