பிரேக் இல்லாத சைக்கிளும் மேற்கணக்கு மடுவமும்

மேற்கணக்கு,
கொட்டகலை.
ஐப்பசி மாதம், விடாத மழை.

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று நீ சொல்வதை அம்மா அப்படியே நம்புகிறாள், நான் ஆதாரம் கிடைக்கும்வரை பொறுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சந்தேகப்பட்டால் உடனே சிரித்துவிடுகிறாய், கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது, ஆகையால் முழுதாகச் சந்தேகப்பட இதுவே வசதி. ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தியின் நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து இருட்டினால் அவனே வாசலில் நின்று குரைப்பது போல இருமுகிறான். கூரைத் தகரம் ஒழுகுகிறது, தோட்டத்து நிர்வாகம் பார்க்கிற துரையிடம் சொன்னோம், பார்ப்போம் என்றார். என் சர்வீஸ் முழுவதும் எத்தனையோ துரைமார் மாறினார்கள், அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஜப்பானுக்குப் போனது முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள. போன கொஞ்ச நாளிலேயே ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறினாய். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அதை ஓட்டுகிறார்கள், இல்லத்து விழாவில் வேலை செய்பவர்கள் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்றாய். ஒத்துக்கொண்டேன், கிழவர்கள் கைதட்டினால் அவர்களுக்கும் நல்ல பயிற்சிதான். இப்போது இரண்டு சக்கர சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று நீ வீடியோ அனுப்பியதும் அம்மா, "அப்பாடா, புள்ளைக்கு ரெண்டாவது சக்கரமும் கெடச்சிருச்சு" என்று சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். கற்பூரம் அணைவதற்குள் நீ முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் சுற்றினாய். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கி முன்சக்கரத்தில் நின்றாய். ஒற்றைச் சக்கரத்தில் நிற்பதற்காக இரண்டு சக்கரம் வாங்கிய முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான். அதுவும் ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள், புறப்படாமலும் போய்ச் சேராமலும். இதற்கு பிளாட்லேண்ட் என்று பெயராம், தட்டைத் தரை ஆட்டம். நான் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டியவன், வண்டி என்றால் ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடம் சேர வேண்டும் என்று நினைப்பவன். நின்ற இடத்திலேயே சுற்றுவதற்கு ஃபெக்டரியில் ரோலர் இருக்கிறது, அதிலாவது தேயிலை வரும்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் அந்தச் சைக்கிளில் முன்னாலும் பிரேக் இல்லை, பின்னாலும் இல்லை. தோட்டத்தின் மேல் பிரிவான நம் மேற்கணக்கிலிருந்து ஃபெக்டரிக்கு மழையில் லொறியை இறக்கியவனுக்கு, சாமியும் பிரேக்கும் ஒன்றாக வந்து நின்றால் எதை முதலில் கும்பிடுவது என்பதில் குழப்பம் கிடையாது. உன்னைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு செய்து, பஜாரில் சைக்கிளுக்கும் த்ரீவீலுக்கும் சாமான் விற்கிற முனாப்பிடம் போனேன். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல ஏலாதுண்ணே, இந்த ஆட்டத்துல ஓட்டுறவங்களே பிரேக்கக் கழட்டிருவாங்க, சப்பாத்த டயர்ல தேச்சு நிப்பாட்டுவாங்க" என்றான். அப்போதுதான் உன் வலது காலில் போட்டிருந்த சப்பாத்தின் அடி மட்டும் தேய்ந்திருந்தது ஏன் என்று விளங்கியது. அதுவரை நீ காலை உடைத்துக்கொண்டு நொண்டுவதை மறைக்கிறாய் என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் மாரியம்மனுக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக நேர்ந்துவிட்டாள். கால் உடையவே இல்லையே, நேர்த்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். "கால் நல்லா இருக்குல்ல, அப்ப ஆத்தா கேட்டதக் குடுத்துட்டா, நீங்க சொன்னதக் குடுங்க" என்கிறார். நல்லபடியாக இருந்த காலுக்கு நேர்த்தி வைத்த குடும்பம் இந்தத் தோட்டத்தில் நம்முடையது மட்டுமே. யாருடைய காலோ அவர் வந்துதான் செலுத்த வேண்டும் என்பதும் முறை.

நீ போனில் சொன்னதை எல்லாம் நான் மறக்கவில்லை. ஒற்றைச் சக்கரத்தில் மிதியைப் பின்னால் அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், அந்தப் பழக்கத்தில் இந்தச் சைக்கிளிலும் அழுத்தினாய், மிதி மட்டும் சும்மா பின்னால் சுழன்றது, சைக்கிள் தன் பாட்டுக்குப் போனது, நீ முதுகில் விழுந்தாய். அதைவிடப் பெரிய கஷ்டம் கைப்பிடி என்றாய். இவ்வளவு காலம் கையைக் காற்றில் விரித்து ஓட்டியவளுக்குக் கையில் பிடிக்க ஒன்று கிடைத்ததும் அதை நம்ப முடியவில்லை, இறுக்கிப் பிடித்தால் திரும்பிவிடுகிறது, விட்டால் விழுகிறது. ஒற்றைச் சக்கரத்திலிருந்து கூடவே வந்தது இரண்டுதான், பாரம் எங்கே நிற்கிறது என்று இடுப்புக்குத் தெரிவதும், விழப் பயப்படாததும் என்றாய். விழுந்ததைப் பற்றி இவ்வளவு உண்மை சொல்கிற பிள்ளை வேறு எதையோ மறைக்கிறாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சைக்கிளின் இரண்டு சக்கரத்து அச்சிலும் பக்கத்துக்கு ஒன்றாகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, மொத்தம் நான்கு. கால் வைத்து நிற்க என்றாய். உனக்குக் கால் இரண்டு. மற்ற இரண்டும் யாருடையவை என்று கேட்கிறேன். வீடியோ எடுத்த போன் உன்னைச் சுற்றி வந்தது, ஆகையால் அதைச் சுவரில் சாய்த்து வைக்கவில்லை. நீ விழப்போனபோது ஒரு ஆண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தது. இதை அம்மாவிடம் சொன்னதற்கு, "நாலு கால் வெக்க எடம் இருந்தா என்ன, அஞ்சாவதா உங்க மூக்கக் கொண்டுபோயி அதுல வெக்காதீங்க" என்றாள். மூக்கை எடுத்துவிட்டேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை எடுக்க முடியவில்லை. உன் ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது. தைக்கு வருகிறாயா என்று போன மாதம் கேட்டேன். பார்ப்போம் என்றாய். அந்தச் சொல்லை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும், இந்தத் தோட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். ஊருக்கு வரப்போகிறவள் பெட்டி வாங்குவாள், சைக்கிள் வாங்கமாட்டாள்.

அன்றைக்கே, "அங்க வந்தா இத எங்கப்பா ஓட்டுறது, தட்டையா ஒரு எடம் இருக்கா" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தை வைத்தால் அது ஆற்றுக்குப் போகிறது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களம் வாசல் பக்கம் சாய்வு, கோயில் முற்றம் சாமி பக்கம் சாய்வு. கடைசியில் பழைய மடுவம் ஞாபகம் வந்தது. கொழுந்து நிறுக்கிற தராசு நேராக நிற்க வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் மட்டம் பார்த்துச் சிமெந்து போட்ட கொட்டகை. தரையில் இருந்த நேர்மை தராசில் இருக்கவில்லை, ஆனாலும் தரை நேர்மைதான். இப்போது மலையிலேயே எடை போட்டுவிடுகிறார்கள், மடுவத்தில் கணேசமூர்த்தி விறகு அடுக்கியிருந்தான். எடுக்கச் சொன்னதற்கு, "ஏண்ணே, மடுவத்த ஒங்க பேருக்கு எழுதி வாங்கப் போறீங்களா" என்று கேட்டு, அதைத் தோட்டம் முழுக்கவும் சொல்லிவிட்டான். அனுமதி கேட்க, தோட்டத்தை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு யோகேஸ்வரனிடம் போனால் அவர் கதவைச் சாத்திவிட்டு, "உண்மையச் சொல்லுங்க ஐயா, கடை போடப் போறீங்களா, சங்கம் வெக்கப் போறீங்களா" என்றார். மகள் சைக்கிள் ஓட்ட என்றேன். ரோட்டில் ஓட்டலாமே என்றார். இது எங்கேயும் போகாத சைக்கிள் என்றேன். சாத்திய கதவைத் திறந்துவிட்டு, "அப்ப அது நம்ம தோட்டத்துச் சைக்கிள்தான்" என்று சரி சொன்னார். இத்தனை காலமாக இந்த மலையில் தட்டையான நிலம் கேட்டவர்கள் யாரும் சைக்கிள் ஓட்டக் கேட்டதில்லை, சந்தேகப்பட்டது அவர் குற்றமில்லை. சந்தேகப்படுவதைவிடச் சந்தேகத்துக்கு ஆளாவது கஷ்டம் என்பதை மட்டும் அன்று தெரிந்துகொண்டேன். இதைப் போனில் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

விறகை எடுத்ததும் அம்மா தரையைக் கழுவித் துடைத்தாள், நான் நடுவில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஓடவில்லை, வட்டமாகப் பரவி நின்றுவிட்டது. இந்த மலையில் தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் நின்றதை இப்போதுதான் பார்க்கிறேன். அம்மா அதை மட்டும் துடைக்காமல் விட்டாள்.

இரவு வேலை முடித்த களைப்போடு சைக்கிளில் ஏறாதே. முழங்காலுக்கு உறை போடு. கைப்பிடியைப் பிடித்துப் பழகு, பிடித்துக்கொள்ள ஒன்று இருப்பது பலவீனம் இல்லை. மாரியாத்தா உன் இரண்டு காலையும் காக்கட்டும், சைக்கிளில் மிச்சம் இரண்டு கால் இருந்தால் அவற்றையும் காக்கட்டும், மடுவத்தில் இடம் இருக்கிறது. வெள்ளிக் காலுக்கு ஹட்டன் நகைக்கடையில் சொல்லியாகிவிட்டது. முனாப்பிடம் நல்ல பிரேக் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் சைக்கிளை நேரில் இங்கே கொண்டுவந்தால்தான் அதைப் பூட்ட முடியும் என்று முனாப் உறுதியாகச் சொல்கிறான். முனாப் அப்படிச் சொல்லவே இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

தையை எதிர்பார்த்திருக்கும்
உன் அப்பா,
அழகன்.