பதினோராம் எண்ணின் செல்கள்

பிளாண்டயர், ஜூன் 3

அன்புள்ள லிம்பானி,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். கரோங்காவில் புது வேலையும் ஏரிக்காற்றும் ஒத்துக்கொள்கின்றனவா? ஒருத்திக்கு மட்டும் என்சிமாக் களி கிளற எனக்கு இன்னும் கை பழகவில்லை.

எங்கள் ஆய்வகத்துக்கு நீங்கள் கொடுத்துப்போன இரத்தத்தின் வெள்ளணுக்கள் நலம். ஒரு நொதியை அடக்கும் மருந்தில் அவற்றை ஊறவைத்து, கிருமித் துண்டுகளைக் காட்டுகிறேன். கண்டுகொள்வதே இல்லை. மருந்தைக் கழுவிவிட்டால் சிலிர்த்துக்கொண்டு எழுகின்றன. குப்பியில் உங்கள் பெயர் இல்லை, பதினொன்று என்ற எண்தான் இருக்கிறது. ஆனாலும் கூட வேலை பார்க்கும் கச்சாலே அக்கா விடுவதில்லை: "என்னடி, உன் வீட்டுக்காரர் இன்னிக்காவது முழிச்சாரா?"

'எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் கேட்கமாட்டோம்' என்று அன்று நான் சம்மதப் படிவத்தை வாசித்தபோது, "கல்யாணத்துக்கு இந்த வசதி இல்லையா?" என்று சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா?

உங்கள் தியாமிகே

*

கரோங்கா, ஜூன் 19

தியாமிகே,

கடிதம் முழுக்க என் செல்கள்தான். மலேரியாவில் படுத்திருந்தபோது போன் செய்தேன். "மாத்திரை போட்டீங்களா? செல்லுக்குத் தண்ணி மாத்தணும், வச்சிடறேன்" என்றாய். குப்பியில் இருப்பவனுக்கு நல்ல யோகம்.

இங்கே ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஆள் தேடுகிறார்கள். வருகிறாயா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது.

லிம்பானி

*

பிளாண்டயர், ஜூலை 8

அன்புள்ள லிம்பானி,

கோபப்படாதீர்கள். ஒரு நாள் மருந்தில் இருந்த செல்கள் எழுந்துவிடுகின்றன. ஒரு வாரம் இருந்தவை, எத்தனை முறை கழுவினாலும் எழவில்லை! உங்கள் செல்களிலேயே இன்னொரு முறை பார்த்தால்தான் முடிவு நிற்கும். அது முடியட்டும், கிறிஸ்துமஸுக்குப் பிறகு பேசுவோம்.

உங்கள் தியாமிகே

*

கரோங்கா, ஜூலை 30

ஆய்வகத்தாருக்கு,

பதினோராம் எண்ணுக்குரிய நான் என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மீதமுள்ள செல்களை அழித்துவிடவும்.

தியாமிகே, நம் கல்யாணத்துக்கு இரு வீட்டுப் பக்கமும் பொறுப்பாக நின்ற இரண்டு மாமாக்களிடமும், பிரிந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

லிம்பானி

*

பிளாண்டயர், ஆகஸ்ட் 14

லிம்பானி,

மருந்தில் ஒரு வாரம் ஊறிய உங்கள் செல்கள் ஒரு தட்டில், அடைகாப்பான் சூட்டில் இருந்தன. கடைசியாக ஒரு முறை கழுவிப் பார்க்கக் கை துடித்தது. நீங்கள் வேண்டாம் என்ற பிறகு அது தப்பு. எல்லாவற்றிலும் ப்ளீச் ஊற்றினேன். கச்சாலே அக்கா பக்கத்திலேயே நின்றார், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

நேற்று மாமாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! என் மாமா, "ஏன் போறான்னு அவன்கிட்ட கேட்டியாம்மா?" என்றார்.

கேட்கவில்லை என்றேன். விலகுகிறவரிடம் நாங்கள் கேட்பதில்லை.

தியாமிகே