மண்டபத்துக்கு முன்னால் கீறிய கடவை

ராத்தா,

இன்று காலை ஓட்டமாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. பாதசாரிக் கடவை போடுவதற்காக வீதியோரத்தில் பெயின்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோடுதான், ஆனாலும் நம் சனத்துக்கு அது என்றைக்கும் மஞ்சள் கடவை. வேலை செய்தவர்களிடம் போய், "இந்த இடத்த ஆர் காட்டினது?" என்று கேட்டேன். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏன், நீங்க ஆரு?" என்றார்.

முதல் நாள் நீங்களும் என்னிடம் அதையேதான் கேட்டீர்கள்.

ஏறாவூரில் பெரிய வீதியை ஒட்டிய உங்கள் ஒழுங்கைக்கு நான் வந்தது, வீதி விபத்தைக் குறைக்கும் ஒரு திட்டத்தின் களப்பணியாளராக. என் கையில் ஊர்ச்சனம் ஒப்பம் வைக்க வேண்டிய சம்மதப் படிவங்கள், கூட வந்தவரிடம் அளவு நாடா. அவர் வீதியோரத்தை அளக்கத் தொடங்கியதும் வீட்டுக் கடப்புக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நீங்கள் மட்டும் தறியை நிறுத்திவிட்டு, வலது காலைச் சற்று இழுத்தபடி வெளியே வந்தீர்கள்.

"ஆரு நீங்க? ரோட்ட அகலிக்க எங்கட வளவ எடுக்கப் போறீங்களா?"

"இல்ல ராத்தா. நீங்க பயமில்லாம ரோட்டக் கடக்க வழி செய்யத்தான்."

"எந்த ஊரு?"

"மண்டூர்."

"மண்டூரில இருந்து வந்து எங்கட உசிரக் காப்பாத்தப் போறீங்களாக்கும்."

அன்று ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. ராத்தா என்று அழைத்தாலும் என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்த அக்கா நீங்கள். ஆனால் ஒழுங்கையே உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டியது. அன்றைய அறிக்கையில், 'ஒத்துழைப்பு இல்லை. ஒரு பெண் மற்றவர்களைத் தடுக்கிறார்' என்று எழுதினேன். இதை நான் உங்களிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது, "படிவத்த வையுங்க. பைக்குள்ள சுருட்டி வச்சிரிக்கிறதக் காட்டுங்க" என்றீர்கள். வரைபடத்தை விரித்தேன். உங்கள் விரல் வீதி வழியே போய் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன கோடு?"

"கடவை வரப்போற இடம்."

"கலியாண மண்டபத்துக்கு முன்னுக்கு. நாங்க புள்ளைகளத் தூக்கிட்டுக் கடக்கிறது கிளினிக்குக்கு முன்னால. எங்கக்கிட்டக் கேக்க முந்தியே கீறி முடிச்சிட்டு, எங்கட கையெழுத்து என்னத்துக்கு?"

மாதக்கணக்காக அந்த வரைபடத்தைச் சுமந்து திரிந்தவள் நான். ஒரு தடவையும் அப்படிப் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் என்னைக் கிளினிக் வாசலுக்குக் கூட்டிப்போனீர்கள். அங்கே நின்றுதான் உங்கள் வலது காலைப் பற்றிச் சொன்னீர்கள். "லொறிக்காரன் நிப்பாட்டி, போங்க எண்டு கையக் காட்டினான். அவனுக்குப் பின்னால வந்த வேன் நிக்கல்ல. கையப் பாக்காதீங்க, சில்லு சுத்துறது நிண்டிட்டா எண்டு பாருங்க." பிறகு என் மணிக்கட்டை இறுகப் பிடித்து வீதியைக் கடந்தீர்கள்.

அலுவலகத்தில் கேட்டேன். "மண்டபத்தடியில இடம் வசதி" என்றார் மேலதிகாரி. பிறகு, "உங்களுக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?" என்றார். மண்டபக்காரர் யாரிடமாவது பேசினாரா, வெறும் கவலையீனமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் ஆச்சரியப்படவில்லை. மறுநாளே பெண்களைக் கூட்டி இருத்தினீர்கள்.

"நாங்க சொல்றத எழுதுங்க. எழுதினத வாசிங்க. பிறகுதான் ஒப்பம்."

ஒவ்வொரு தாளையும் உங்கள் மகள் போனில் படம் எடுத்தாள். "வழியில கடுதாசி மாறும்" என்றீர்கள், என்னைப் பார்த்தபடியே.

மாதங்கள் இழுபட்டு, கடைசியில் கடவை கிளினிக்குக்கு முன்னால்தான் வந்தது. பெயின்ட் காய்ந்த அன்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பஸ் முழுதாக நிற்கும்வரை ஓர மணலிலேயே நின்றீர்கள். அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்து, "மழைக்கு அழிஞ்சா திருப்பிப் பூசுவாங்களா? அதையும் எழுதி வாங்குங்க" என்றீர்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் உங்கள் மகள் அழைத்து, "உம்மா மௌத்தாப் போயிட்டா" என்றாள். என் வாயில் முதலில் வந்தது, "ரோட்டிலயா?" என்பதுதான்.

"இல்ல. நெஞ்சு வருத்தம்."

ஒரு பெருமூச்சு விட்டேன். அடுத்த கணமே, உங்கள் சாவுச் செய்தியில் வந்த அந்த நிம்மதியை நினைத்துக் கூசிப்போனேன்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் படிவத்துக்கு முன் வரைபடத்தைத்தான் விரிக்கிறேன். அதில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தால் நானே சொல்லிவிடுகிறேன். போன கிழமை வாவிக்கரையில் ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாக் கதைக்கிறீங்க. அதுதான் பயமாக் கிடக்கு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய வாசலிலேயே உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.